பெஞ்சுக்கு அடியில் ஒரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர்: நாலு வருஷ அனுபவம்

டிவி பவர் போர்டு, எல்இடி டிரைவர் என்று எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளை) சமாசாரங்களை வீட்டிலேயே பிரித்து மேய்கிறவன் நான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு போர்டின் பிரைமரி பக்கம் (மெயின்ஸோடு நேராகச் சேர்ந்த பாதி) ஆசிலோஸ்கோப்பின், அதாவது வோல்ட்டேஜ் அலையைத் திரையில் காட்டும் கருவியின், கிரவுண்ட் கிளிப்பை மாட்டினேன். டப்பென்று ஒரு சத்தம், கிளிப் முனை பாதி காணோம், வீடே இருட்டு. அந்தக் கிளிப் ஸ்கோப்புக்குள் நேராக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, பிரைமரி கிரவுண்டோ பிரிட்ஜ் டயோடு வழியாக ஃபேஸோடு உறவாடிக்கொண்டு நிற்கிறது, வெடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்த சனிக்கிழமை சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட், ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க. அதில் இன்புட் காயிலுக்கும் அவுட்புட் காயிலுக்கும் வயர்த் தொடர்பே இல்லை, அதனால் அவுட்புட்டுக்கு எர்த்தோடு உறவு கிடையாது. ரெடிமேடாக வருகிற சிலவற்றில் அவுட்புட் நியூட்ரலை எர்த்தோடு இணைத்தே கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது சரி, ரிப்பேர் பெஞ்சுக்கு அது வெறும் இரும்புக் கட்டி. அதனால் 500 விஏ (தாங்கும் லோடு), 230 வோல்ட்டுக்கு 230 வோல்ட் என்று சொல்லிச் சுற்றக் கொடுத்தேன். கடைக்காரர், "அவுட்புட்லயும் எர்த் குடுத்துடட்டா சார், சேஃப்டி தானே?" என்றார். "வேணவே வேணாம்ணே, பாடிக்கு மட்டும் குடுங்க" என்றதற்கு ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் நாள் அவுட்புட்டில் டெஸ்டர் மங்கலாக எரிந்தது, மீட்டரும் எர்த்துக்கு 90 வோல்ட் காட்டியது. ஏமாந்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு காயிலுக்கும் நடுவே இருக்கிற கெப்பாசிட்டன்ஸில் கசிகிற சொற்பக் கரண்ட்தான் அது. மீட்டருக்குக் குறுக்கே 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்ததும் ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஐப்பசி மழையில் மொசைக் தரை கசகசவென்று இருக்கும்போது ஒற்றை வயரைத் தவறித் தொட்டாலும் கரண்டுக்குக் காலுக்குப் போக வழியில்லை, உண்மைதான். ஆனால் ஸ்கோப் கிளிப்பை மாட்டிய நொடியே அந்த இடம் எர்த் ஆகிவிடுகிறது. அதற்குமேல் ட்ரான்ஸ்ஃபார்மர் ஸ்கோப்பைத்தான் காப்பாற்றும், உங்களை இல்லை. இரண்டாவது வருஷம் இதை மறந்து, இடது கை ஹீட் சிங்க்கில், வலது முழங்கை ஸ்கோப்பின் புரோப் கனெக்டரில். தோள் வரைக்கும் உதறியது. மெயின் போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் வித்தியாசப்பட்டால் லைனை அறுக்கும் சுவிட்ச்) இருந்தும் ட்ரிப் ஆகவில்லை, ஆகவும் ஆகாது: கரண்ட் செகண்டரிக்குள்ளேயே (அவுட்புட் காயில் பக்கமே) சுற்றிவிட்டுப் போவதால் இன்புட் பக்கம் போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும்.

அன்றிலிருந்து கிளிப் மாட்டியிருந்தால் இடது கை பாக்கெட்டில்தான். "என்ன, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் மாதிரி நிக்கிறீங்க?" என்று வீட்டில் கேலி வேறு. அவுட்புட்டில் ஒரே நேரத்தில் ஒரு சாமான்தான், இரண்டு போட்டால் ஒன்றின் பாடியும் இன்னொன்றின் பாடியும் சேர்ந்து வழி உண்டாக்கிவிடும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுகிற வேலையும் கிடையாது. வேரியாக்கை (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள், அதில் ஒரே காயில்தான், பிரிப்பு கிடையாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

குறை என்றால், ராத்திரியில் ங்ங்ங் என்று ஒரு ரீங்காரம். ஆன் செய்யும்போது எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் விழும் சுவிட்ச்) சில சமயம் விழுந்துகொண்டிருந்தது, இன்புட்டில் சீரிஸாக 100 வாட் குண்டு பல்பு போட்டு, சில வினாடி கழித்து அதை பைபாஸ் செய்கிறேன், இப்போது தொல்லை இல்லை. மே மாதச் சாயங்காலம் லைனில் 205 வந்தால் இதிலும் ஏறக்குறைய அதேதான் வரும், இது ஸ்டெபிலைசர் இல்லையே.

அடுத்து டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தை நம்பாமல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளப்பது) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அது இருந்தால் அந்தக் கிளிப்பையே மாட்ட வேண்டாம். விலையைப் பார்த்தால்தான், சரி, தீபாவளி போனஸ் வரட்டும்.