ஜாவாஸ்கிரிப்ட் இன்ஹெரிட்டன்ஸ்: ஃபங்ஷன் முறையா, கிளாஸா?

ஒரு வகை (சைல்டு) இன்னொரு வகையின் (பேரண்ட்) பண்புகளையும் மெத்தட்களையும் பெறுவதே இன்ஹெரிட்டன்ஸ். 2015-இல் வந்த கிளாஸ், அதற்கு முந்தைய ஃபங்ஷன் முறை இரண்டுமே உள்ளே ஓட்டுவது ஒரே புரோட்டோடைப் சங்கிலியைத்தான்: ஒரு ஆப்ஜெக்ட்டில் இல்லாததை அதன் புரோட்டோடைப் என்ற இன்னொரு ஆப்ஜெக்ட்டில் தேடும் தொடர் அது. சறுக்கும் இடங்கள்தான் வேறு.

ஃபங்ஷன் முறையில் எல்லாம் நம் கையில். சைல்டு ஃபங்ஷனுக்குள் பேரண்ட்டை 'கால்' கொண்டு, 'திஸ்' (உருவாகிவரும் ஆப்ஜெக்ட்) கொடுத்து அழைக்க வேண்டும். பிறகு சைல்டின் புரோட்டோடைப்பை 'ஆப்ஜெக்ட்.கிரியேட்' மூலம் பேரண்ட்டின் புரோட்டோடைப்போடு இணைக்க வேண்டும். அதில் காணாமல் போகும், உருவாக்கிய ஃபங்ஷனைச் சுட்டும் 'கன்ஸ்ட்ரக்டர்' பண்பையும் திரும்ப வைக்க வேண்டும். மெத்தட்களை இணைப்புக்குப் பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பழைய புரோட்டோடைப்போடு அவையும் போய்விடும்.

இங்கே பெரிய ஆபத்து, 'ஆப்ஜெக்ட்.கிரியேட்'டுக்குப் பதிலாக 'நியூ பேரண்ட்' எழுதுவது. பேரண்ட் உருவாக்கும் அரே (பட்டியல்) அப்படியே புரோட்டோடைப்பில் உட்கார்ந்துகொள்ளும். கூடவே 'கால்' வரியும் விட்டுப்போனால், ஒரு ஆப்ஜெக்ட்டில் 'புஷ்' செய்தது எல்லா ஆப்ஜெக்ட்டிலும் தெரியும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கிளாஸில் 'எக்ஸ்டெண்ட்ஸ்' ஒன்றே இணைப்பை முடித்துவிடும். ஸ்டாட்டிக் மெத்தட்களும் (கிளாஸின் பெயரிலேயே அழைப்பவை) சேர்ந்தே வரும். சைல்டின் கன்ஸ்ட்ரக்டரில், பேரண்ட்டின் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டும் 'சூப்பர்' அழைக்கும் முன் 'திஸ்'ஸைத் தொட்டால் உடனே 'ரெஃபரன்ஸ் எரர்'. இந்தக் கண்டிப்புதான் அதன் பலம். அரே, எரர் போன்ற உள்ளமைந்த வகைகளை ஒழுங்காக நீட்டிக்கவும் கிளாஸே ஏற்றது.

புதிய கோடுக்குத் தயங்காமல் கிளாஸ். பழைய கோடைப் பகுதி பகுதியாக மாற்றினால் சைல்டிலிருந்து தொடங்குங்கள்: கிளாஸ், பழைய ஃபங்ஷனை நீட்டிக்கும், ஆனால் பேரண்ட் கிளாஸாகிவிட்டால், பழைய சைல்டின் 'கால்' வரி 'டைப் எரர்' கொடுத்து நின்றுவிடும்.