பல டிஸ்க்குகளில் ஒரே ஃபைல்: எந்தக் கருவியை நம்பி அழிப்பது?

ஒரே டிஸ்க்குக்குள் நகல்கள் கிடந்தால் கவலையில்லை. ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடலாம், ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் ரீஃப்ளிங்க் (டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளும் காப்பி) போடலாம். இரண்டு பெயரும் இருக்கும், இடம் ஒன்றுக்குத்தான் போகும். டிஸ்க் மாறினால் இந்த இரண்டு வழியும் அடைபடும். ஐநோடு எண் (ஃபைலின் உள் அடையாள எண்) அந்தந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், லிங்க் போட முயன்றால் கெர்னல் பிழையைத் திருப்பிவிடும். ஆக ஏதாவது ஒரு நகலை அழித்தே ஆகவேண்டும். அதனால் இங்கே வேகம் இரண்டாம்பட்சம். அழிப்பதற்கு முன் எந்தக் கருவி நம்மை ஒரு நிமிடம் நிறுத்துகிறது என்பதே கேள்வி.

நகல் தேடும் கட்டளைவரிக் கருவியான ஜேடியூப்ஸ் எல்லா நேரமும் நிறுத்துவதில்லை. எஃப்டியூப்ஸிலிருந்து கிளைத்த இது முதலில் அளவு ஒன்றாக உள்ள ஃபைல்களைச் சேர்க்கும். பிறகு தொடக்கப் பகுதியின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை), முழு ஹேஷ், கடைசியில் பைட் பைட்டாக ஒப்பீடு. கண்டுபிடிப்பதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்காமல் அழிக்கும் தேர்வைக் கொடுத்தால், ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஃபைலை வைத்துக்கொண்டு மீதியை அப்போதே துடைத்துவிடும். எது முதல்? கட்டளையில் எந்த டிஸ்க்கை முன்னால் எழுதினோமோ அதுதான் என்று நினைத்துவிடுவார்கள். பெரிய எழுத்து ‘ஓ’ (-O) தேர்வைச் சேர்த்தால்தான் அப்படி. இல்லையென்றால் பெயர் வரிசைதான் தீர்மானிக்கும்.

ஆர்எம்லின்ட் என்ற இன்னொரு கருவி தானாக எதையும் அழிப்பதில்லை. தேடி முடித்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை (கட்டளைகள் அடங்கிய ஃபைலை) எழுதிக் கையில் கொடுக்கும். அதைத் திறந்தால் எது அசல், எது போகப்போகிறது என்று வரிவரியாகத் தெரியும். பல டிஸ்க் வேலைக்கு இதன் இரட்டைச் சாய்கோடு (//) அருமையான வசதி. உதாரணத்துக்கு, பழைய காப்பிகள் நிரம்பிய டிஸ்க்3-ஐ முதலில் எழுதி, இரட்டைச் சாய்கோடு போட்டு, டிஸ்க்1-ஐ எழுதுங்கள். கூடவே சிறிய எழுத்து ‘கே’ (-k), ‘எம்’ (-m) தேர்வுகள். இப்போது டிஸ்க்1-இல் உள்ள எதையும் தொடாது. டிஸ்க்1-இல் இணை இருந்தால் மட்டுமே டிஸ்க்3-இல் உள்ளதைப் பட்டியலில் சேர்க்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயல்பாகவே இது காலி ஃபோல்டர், காலி ஃபைல், உடைந்த சிம்லிங்க் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடும். பெரிய எழுத்து ‘டி’ தேர்வோடு ‘டிஎஃப்’ (-T df) என்று கொடுத்தால் நகல் ஃபைல்களோடு நிற்கும். ஸ்கிரிப்ட்டை முதலில் ‘என்’ (-n) தேர்வோடு ஓட்டினால் ஒத்திகை மட்டும் நடக்கும். ‘பி’ (-p) சேர்த்தால் ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் மறுபடி ஒப்பிடும்.

பல டிஸ்க்குகளுக்கான மீட்புக் கணக்கை (பேரிட்டி) சேமிக்கும் ஸ்னாப்ரெய்டு ஏற்கெனவே ஓடுகிறதென்றால் அதன் ‘டூப்’ கட்டளையிலிருந்தே தொடங்கலாம். சிங்க்கின்போது (அந்தக் கணக்கைப் புதுப்பிக்கும்போது) சேமித்த ஹேஷ்களை மட்டும் பார்ப்பதால் டிஸ்க்கைப் படிக்கும் வேலையே இல்லை. 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் முழுக்கப் படிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கு எதிரில் இது சட்டென்று முடிந்துவிடும். பட்டியல் மட்டும்தான் தரும், அழிக்காது. கடைசி சிங்க்குக்குப் பிறகு வந்த ஃபைல்கள் அதில் வராது.

ச்காவ்கா முக்கியமாகத் திரை ஜன்னலில் (ஜியுஐ) இயங்கும் கருவி. ஒத்த படங்களையும் தேடும். மானிட்டர் இல்லாத சர்வரில் அந்த ஜன்னலுக்குப் பெரிய பயனில்லை.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் டீடூப்பை, அதாவது ஒரே டேட்டாவை ஒருமுறை மட்டும் எழுதும் வசதியை, சிலர் பரிந்துரைப்பார்கள். அது ஒரு பூலுக்குள் (ஒன்றாகச் சேர்த்த டிஸ்க்குகளுக்குள்) மட்டும், இயக்கிய பிறகு எழுதும் டேட்டாவுக்கு மட்டும். பழைய கணக்கில் ஒரு பிளாக்குக்கு 320 பைட் ரேம். 128 கேபி பிளாக்கில் ஒரு டிபிக்குச் சுமார் 2.5 ஜிபி. தனித்தனி டிஸ்க்குகளில் கிடக்கும் பழைய நகல்களுக்கு இது மருந்தே அல்ல.

எந்தக் கருவியானாலும் ஆபத்து கொடுக்கும் பாதையில்தான் இருக்கிறது. பல டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் பூலையும், அதில் உள்ள டிஸ்க்1-ஐயும் ஒரே தேடலில் கொடுத்தால், டிஸ்க்1-இல் ஒற்றையாக இருக்கும் ஒரு வீடியோ இரண்டு இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். அளவு ஒன்று, ஹேஷ் ஒன்று, பைட் ஒப்பீடும் தேறும்; இருப்பதே ஒரே ஃபைல்தானே! பூல் வேறு டிவைஸ் எண்ணைக் காட்டுவதால் கருவிக்கு இது புரியாது. ‘நகலை’ அழித்தால் அசலும் போய்விடும். அன்ரெய்டு என்ற சர்வர் ஓஎஸ்ஸில், டிஸ்க்குகளைச் சேர்த்துக் காட்டும் யூசர் பாதையையும் டிஸ்க் பாதையையும் கலந்தாலும் இதே கதிதான்.

பூலை மட்டும் கொடுப்பதும் உதவாது. ஒரே பாதையில் இரண்டு டிஸ்க்கில் ஃபைல் இருந்தால் பூல் ஒன்றைத்தான் காட்டும். அதை பூல் வழியாக அழித்தால், மெர்ஜர்எஃப்எஸ்ஸின் இயல்பு அமைப்பில் இரண்டு டிஸ்க்கிலும் போய்விடும். எப்போதும் டிஸ்க் பாதைகளை மட்டும் கொடுங்கள். மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கென்றே உள்ள டீடூப் ஸ்கிரிப்ட் இந்த ஒரே பாதை நகல்களைப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பாதைதான் அடையாளம். பாதியில் நின்றுபோன காப்பிதான் புதியது என்றால், ‘புதியதை வை’ என்ற விதி முழு ஃபைலைத் தூக்கிவிடும். ஹேஷ் வேறுபடுபவற்றை ஒதுக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

ஸ்னாப்ரெய்டு வைத்திருப்பவர்கள் எல்லா டிஸ்க்கையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்யக் கூடாது. அழித்த பிளாக்குகளும் பழைய பேரிட்டிக் கணக்கில் இருக்கும். ஒற்றைப் பேரிட்டியில், சிங்க்குக்கு முன் இன்னொரு டிஸ்க் படுத்துவிட்டால், அதே இடத்தில் இருந்த அதன் பிளாக்குகளை மீட்க முடியாது. டிஸ்க்3-ஐ முடித்ததும் ஒரு சிங்க். அது பிழையில்லாமல் முடிந்த பிறகே டிஸ்க்4.