ஏர்கன்னை 0.22 ஆக்கும் வேலை: சேலத்துப் பட்டறைகளுக்குக் கொடுக்கலாமா?

சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. அதனால்தானோ என்னவோ, "0.177 ஏர்கன்னைக் கொண்டு வாங்க, 0.22 ஆக்கித் தர்றோம்" என்ற பேச்சும் அவ்வப்போது காதில் விழுகிறது. இந்த எண்கள் பேரல் துளையின் அங்குல அளவு: 0.177 என்றால் 4.5 மி.மீ., 0.22 என்றால் 5.5 மி.மீ. இந்த வேலைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ரகம்: ஜெர்மன் டயானா 35 மாடலைப் பார்த்து இந்தியாவில் செய்த, பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் துப்பாக்கி. இரண்டு வழியில் மாற்றுகிறார்கள்.

முதல் வழி, இருக்கிற பேரலையே 4.5 மி.மீ.யிலிருந்து 5.5 மி.மீ.க்குத் துளைப்பது. இதற்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் வீண். பேரலின் உயிர் உள்ளே முறுக்கி ஓடும், குண்டைச் சுழற்றிவிடும் ரைஃப்லிங் வரியில் இருக்கிறது. டிரில் முதலில் தின்பது அதைத்தான். அவ்வளவு நீளத்துக்குச் சாதாரண டிரில் நேராகவும் போகாது, பாதியில் ஒரு பக்கம் ஒதுங்கும். வரியை மறுபடி வெட்ட அதற்கென்று தனிக் கருவி வேண்டும், வேலைக்கு எடுக்கும் லேத்தில் அது இருக்காது. கடைசியில் கையில் வருவது வெறும் குழாய். சுழற்சி இல்லாத பெல்லட் (ஏர்கன்னில் போடும் சிறு குண்டு) காற்றில் தள்ளாடும்; 10 மீட்டரில் தீப்பெட்டியில் அடித்த துப்பாக்கி சாப்பாட்டுத் தட்டில் அடிக்கவே திணறும்.

இரண்டாவது, 0.22க்கென்றே செய்த பேரலை மாட்டுவது. கொள்கையளவில் சரியான வேலை. ஆனால் கெடுவது எப்போதும் மூட்டில்தான். பேரல் மடங்கும் போல்ட்டின் இரு பக்க வாஷர் தேய்ந்திருந்தால் பேரல் பக்கவாட்டில் ஆடும், ஒவ்வொரு முறை மூடும்போதும் வேறு இடத்தில் உட்காரும். காற்று வரும் துளையும் பேரல் வாயும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் வேகம் போச்சு. மூட்டில் இருக்கும் ரப்பர் சீல் முகப்பைவிட மயிரிழை, சுமார் 0.2 மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். தாழ்ந்தால் காற்று கசியும், அதிகம் எழும்பினால் பேரல் பூட்டாது. சோதிக்கச் சுலபம்: மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் வேலை முடியவில்லை.

சரி, எல்லாம் ஒழுங்காக அமைந்தால் கிடைப்பது என்ன? "பவர் கூடும்" என்பதுதான் விற்பனைப் பேச்சு. ஸ்பிரிங்கும் அதேதான், அது பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் சிலிண்டரும் அதேதான்; சக்தி மட்டும் எங்கிருந்து கூடும்? பெரிய பெல்லட்டின் அடிப்பரப்பு ஒன்றரை மடங்கு என்பதால் காற்றைச் சற்றே நன்றாகப் பயன்படுத்தும், அவ்வளவுதான். 0.52 கிராம் பெல்லட் நொடிக்கு 180 மீட்டரில் போனால் சக்தி சுமார் 8.4 ஜூல். அதே சக்தியில் 0.93 கிராம் 0.22 பெல்லட் 134 மீட்டரில்தான் போகும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காமலே 20 மீட்டரில் முதலாவது 6 செ.மீ. தாழும், இரண்டாவது 11 செ.மீ. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் நடக்கும் சிறு தப்பும் அங்கே பெரிதாகத் தெரியும். 10 மீட்டர் போட்டிக்கும் அந்தத் துப்பாக்கி ஆகாது, அங்கே 4.5 மி.மீ. மட்டும்தான்.

இதற்கெல்லாம் மேலே சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி துளை 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ சக்தி 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இரண்டில் ஒன்று போதும். எட்டு ஜூல் கிழட்டுத் துப்பாக்கியானாலும் பேரல் 5.5 ஆன அன்றே அது உரிமத்துக்குள் வந்துவிடும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆயுதத்தை மாற்றித் தருபவருக்கும் உரிமம் கேட்கிறது. பில் இல்லாமல் செய்து தருகிற பட்டறை இதைச் சொல்லாது. ஏற்காட்டு எஸ்டேட்டில் ஆரஞ்சைக் காக்க 0.22 தேடுபவர்களும் உண்டு. இந்தச் சக்தி விலங்கைக் காயப்படுத்தும், விரட்டாது. வனப் பறவை, மலை அணில் மேல் குறி வைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக வரும்.

அந்தக் காசைச் சர்வீஸுக்குக் கொடுங்கள். இங்கே பட்டறைக் கைகள் நன்றாகவே வேலை செய்கின்றன, கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். "பவர் போச்சு" என்று வரும் துப்பாக்கிகளில் பிஸ்டன் வாஷர் காய்ந்து கிடப்பதுதான் வழக்கம். தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்து மாட்ட வேண்டும். ஓரம் பிய்ந்திருந்தால் புதிதுதான். ஸ்பிரிங் வளைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், இரு முனையும் தட்டையாக, வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பழையதையே இழுத்து நீட்டிப் போட்டால் சில நாளில் மறுபடி சுருங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றக் கிளாம்ப் கட்டாயம். மூடிக்குப் பின்னால் அது அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கும், வெறுங்கையில் பின்னை உருவினால் முகத்தில் பாயும். பிஸ்டன் பக்கவாட்டில் மாலிப்டினம் கிரீஸ் மெல்லிசாகப் போதும். தையல் மெஷின் எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட்டால் ஒவ்வொரு சுடலுக்கும் டீசல் எஞ்சின் மாதிரி வெடித்துப் புகை கக்கும், வேகம் ஏறி இறங்கும், சீல் கருகும். பெல்லட் இல்லாமல் சுட்டுக் காட்டும் மெக்கானிக்கிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். பிஸ்டன் தலைக்குக் காற்று மெத்தை இல்லாமல் நேராகச் சுவரில் மோதும்.

மதிப்பெண் என்று கேட்டால், துளை பெருக்கலுக்கு ஐந்துக்குச் சுழியம். பேரல் மாற்றம், உரிமம் உள்ளவருக்கு இரண்டு. வாஷர், ஸ்பிரிங், மூட்டு சீல் மூன்றையும் மாற்றும் சர்வீஸுக்கு நான்கு. ஒன்று குறைத்தது, வேகம் அளக்கும் கருவி இல்லாமலே "சூப்பரா இருக்கு சார்" என்று கொடுத்துவிடுவதால்.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: சேலத்தைவிட அங்கே 1,200 மீட்டருக்கு மேல் உயரம். சிலிண்டருக்குள் வரும் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், காலைக் குளிரில் கிரீஸும் இறுகும். கீழே சரிசெய்து வைத்த சைட் (குறி பார்க்கும் அமைப்பு) மேலே அப்படியே நிற்காது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த பிறகு, முதல் பத்து பெல்லட்டைச் சைட் சரிசெய்யவே ஒதுக்குங்கள்.