மரக்கட்டையா, ஃபைபர் கட்டையா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கைத் தடவிப் பார்த்தே பொழுதைப் போக்குபவர்களுக்கு, மரக்கட்டை வைத்த வேட்டைத் துப்பாக்கி ஏன் பிடிக்கும் என்று விளக்க வேண்டாம். கட்டை என்றால் குழலைத் தாங்கி நிற்கிற, தோளில் ஊன்றிப் பிடிக்கிற பகுதி. நல்ல கட்டைக்கு வால்நட் மரம்தான். ஆளிவிதை எண்ணெயைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்து ஏற்றினால் மரத்தின் ரேகை ஆழமாகத் தெரியும். பிடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய பொடிக் கட்டங்கள் வியர்த்த கையிலும் வழுக்காது. கீறல் விழுந்தால் இழைத்துச் சரிசெய்யலாம்.

ஆனால் ஈரம் பட்டால் மரம் உப்பும், ஐப்பசி மழையில் நம் வீட்டு நிலைக்கதவு இறுகுகிற மாதிரி. உப்பிய கட்டை குழலை ஒரு பக்கமாக அழுத்தினால் குண்டு படும் இடமே மாறிவிடும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் எடையும் குறைவு. எடை குறைந்தால் தோளில் உதை கூடும், அது வேறு கதை.

சரி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபின் இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கியானாலும் உரிமம் வேண்டும். மழையில் காட்டுக்குள் போகப்போவதில்லை என்றால் என் ஓட்டு மரத்துக்குத்தான்.