கேமராவா, ஊதச் சொல்லும் சோதனையா, பள்ளி வகுப்பா: வாளையாறு ரோட்டுக்கு எது முதலில்?

காலை ஆறரை மணிக்கு, தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு முன்னால் நம் பக்கம் இருக்கும் டீக்கடையில் நின்று பாருங்கள். கேரளப் பக்கம் இருக்கும் கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிற பையன்கள், பெட்ரோல் டாங்க் மேல் வைத்து எடுத்துவந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, பட்டியைப் போட்டுக்கொண்டுதான் எல்லையைத் தாண்டுகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் கழற்றிவிடுகிறார்கள். இத்தனைக்கும் ஹெல்மெட் இல்லாவிட்டால் நம் பக்கம் 1,000 ரூபாய், 2022 அக்டோபரில் ஏற்றியது. அந்தப் பக்கம் 500தான். தொகை பெரிதாக இருந்து என்ன, பிடிபடுவோம் என்று தோன்ற வேண்டுமே.

கேரளம் 2007இல் தனிச் சட்டம் போட்டு சாலைப் பாதுகாப்பு ஆணையம் அமைத்தது. வசூலாகும் அபராதத்தில் ஒரு பங்கு அதன் நிதிக்குப் போகிறது. இங்கேயும் சாலைப் பாதுகாப்பு நிதி இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் குழுவும் இருக்கிறது. சரி, அந்தப் பணத்தில் கொஞ்சம் நம் எல்லை போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தால் எதில் போடுவது: கேமராவிலா, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை ஊதச் சொல்லிப் பிடிக்கும் சோதனையிலா, பள்ளி வகுப்பிலா?

கேமராவின் பலத்தை மேலே சொன்ன டீக்கடையே காட்டிவிட்டது. கேரளம் முழுக்க 726 கேமரா வைத்து, 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். கேமராவிடம் கெஞ்ச முடியாது, 'தெரிஞ்ச ஆளு சார்' என்று சொல்ல முடியாது, நடுராத்திரியிலும் அது விழித்திருக்கும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதைத் தாண்டியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குவார்கள். அதைவிட முக்கியம், வாயில் சாராய வாடை அடிக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது.

என் சித்தப்பா மகன் ராத்திரி ஒன்பது மணிக்கு ரோட்டைக் கடக்கும்போது குடித்துவிட்டு வந்த பைக் மோதித்தான் போய்ச் சேர்ந்தான். மோதியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், வண்டி நம்பரும் தெளிவாக இருந்தது. எந்தக் கேமராவும் அவனை நல்ல ஓட்டுநர் என்றுதான் பதிவு செய்திருக்கும். ஒரு கிலோமீட்டர் முன்னால் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி 'ஊது' என்று சொல்லியிருந்தால் போதும். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம் என்று சட்டம் தெளிவாகவே இருக்கிறது. சட்டம் இருந்தும் ரோட்டில் ஆள் இல்லை.

அதனால் என் முதல் ஓட்டு இரவு சோதனைக்கு. இதில் ஒரு சிக்கல், கருவி வாங்கப் பணம் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும், அதை ஓட்டப் பணம் கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஊதும் கருவிக்கு ஒவ்வொருத்தருக்கும் புதுக் குழல் வேண்டும், அவ்வப்போது அளவு சரிபார்க்க அனுப்ப வேண்டும், ஜீப்புக்கு டீசல் வேண்டும், ராத்திரி நிற்கிறவர்களுக்குப் படி வேண்டும். இதெல்லாம் இல்லாமல் பத்து கருவி வாங்கினால் பத்தும் பீரோவில்தான் கிடக்கும்.

பள்ளி வகுப்புக்கு வருவோம். ஜனவரியில் பேனர் பிடித்து ஊர்வலம் போவதற்கு நிதி தருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு வகுப்பு நடத்தினால் விபத்து குறைகிறது என்பதற்கு, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கே சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகள் விஷயம் வேறு. கேரளத்தில் 2010 முதல் நடக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸே பயிற்சி தரும் மாணவர் போலீஸ் கேடட் திட்டம் மாதிரி வருஷம் முழுக்கத் தொடர்ந்து நடப்பது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நெடுஞ்சாலை ஓரத்துக்கே கூட்டிப்போய், எண்பதில் வரும் லாரி எவ்வளவு சீக்கிரம் நம்மிடம் வந்துவிடுகிறது என்று கண்ணால் பார்க்க வைப்பது, இவற்றுக்குத் தாராளமாகத் தரலாம்.

சொல்வதையும் பிடிப்பதையும் சேர்த்தால் பலன் கூடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1993இல் சீட் பெல்ட்டுக்கு அப்படித்தான் செய்தார்கள், பிடிக்கப்போகிறோம் என்று முதலில் ஊருக்கே விளம்பரம் செய்துவிட்டு அப்புறம் நிஜமாகவே பிடித்தார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 2016இல் 17,218 ஆக இருந்த சாலைச் சாவு 2019இல் 10,525 ஆகக் குறைந்ததாக அப்போதைய அரசுக் கணக்கு சொன்னது. சோதனை, 108 ஆம்புலன்ஸ், ஆபத்தான வளைவுகளைச் சரிசெய்தது எல்லாம் சேர்ந்து நடந்த காலம் அது.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மூன்றாவதாக வரட்டும். கலெக்டர் குழுவுக்கு நம் பஞ்சாயத்து மனு எழுதும்போது முதல் வரியில் ஊதும் குழலும் ஜீப் டீசலும் ராத்திரிப் படியும் இருக்க வேண்டும், அடுத்த வரியில் பள்ளிக்கூடம்.