வில்லுக்கு முன்னாலா, பின்னாலா?

‘அவள் அநேகமா வருவாள்’ என்பதை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘ஷீ வில் ப்ராபப்ளி கம்’ என்பது ஒன்று, ‘ஷீ ப்ராபப்ளி வில் கம்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியது முதலாவதைத்தான்: முதலில் ‘வில்’ (will), பிறகு ‘ப்ராபப்ளி’ போன்ற வினையடை (adverb), பிறகு வினை.

‘டுமாரோ’, ‘நெக்ஸ்ட் வீக்’ வகையறா பெரும்பாலும் வாக்கியக் கடைசிக்குப் போய்விடும், அதில் வம்பில்லை. வம்பெல்லாம் ‘ப்ராபப்ளி’, ‘டெஃபனட்லி’, ‘ஆல்ஸோ’, ‘நெவர்’, ‘சூன்’ போன்றவற்றோடுதான்.

நமக்கு இங்கே தடுக்குவதற்குக் காரணம் தமிழ் வினையின் கட்டு. ‘வருவேன்’ என்பதில் வரு, வ், ஏன் மூன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவே எதையும் நுழைக்க வழியில்லாததால் ‘கண்டிப்பா’ வெளியே முன்னால் நிற்கிறது. அதே பழக்கத்தில்தான் ‘டெஃபனட்லி ஐ வில் கம்’ என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வில் தனிச்சொல், அதற்கும் வினைக்கும் இடையில் இடம் காலியாக இருக்கிறது. ‘ஐ வில் டெஃபனட்லி கம்.’

சரி, எப்போது முன்னால், எப்போது பின்னால்? வில் மேல் விழும் அழுத்தத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் தானாக வரும். சாதாரணப் பேச்சில் வில் முழுதாக ஒலிப்பதே அபூர்வம். ‘ஷீ வில்’ தேய்ந்து ‘ஷீல்’ ஆகிவிடுகிறது. அந்தத் துக்கடா ‘ல்’ எழுவாய்மேல் சாய்ந்துதான் நிற்கும். இடையில் ‘ப்ராபப்ளி’யைச் செருகினால் சாய ஆளில்லாமல் வில் முழு உருவத்தோடு எழுந்து நிற்க வேண்டியதுதான். ‘ஷீல் ப்ராபப்ளி கம்’ வழுக்கிக்கொண்டு போகும். ‘ஷீ ப்ராபப்ளி வில் கம்’ வில்லில் ஒரு தட்டு தட்டும். ‘வரமாட்டாள்னு சொல்றே, பாரு, வருவா’ என்ற தொனி வேண்டுமென்றால் அந்தத் தட்டு சரி. தொனி வேண்டாதபோது அது வெறும் இடறல்.

வில் கனமாகும் இடங்கள் இரண்டு. ஒன்று எதிர்மறை. ‘வோன்ட்’ தேயாது, அதனால் ‘ஷீ ப்ராபப்ளி வோன்ட் கம்’ என்று வினையடை முன்னால் போகும். இங்கே இடம் மாறினால் பொருளே மாறிவிடும். ‘ஹீ டெஃபனட்லி வோன்ட் கம்’ என்றால் கண்டிப்பாக வரமாட்டான். ‘ஹீ வோன்ட் டெஃபனட்லி கம்’ என்றால், கண்டிப்பாக வருவான் என்று சொல்வதற்கில்லை. மின்னஞ்சலில் இந்தப் பிழை விழுந்தால் எதிராளி வேறு முடிவு எடுத்துவிடுவார். இன்னொன்று சுருக்கப் பதில். ‘வில் ஷீ கம்?’ என்று கேட்டால் ‘ஷீ ப்ராபப்ளி வில்.’ பின்னால் வினையே இல்லாதபோது வில்தான் பாரம் சுமக்கிறது. ‘நெவர்’ போட்டாலும் அப்படியே: ‘ஐ நெவர் வில்.’

துணைவினை இரண்டாகும்போது, நிகழ்வு முழுவதையும் பற்றிய சொல் வில்லை அடுத்தே வரும்: ‘வில் ப்ராபப்ளி ஹேவ் ஃபினிஷ்ட்’, ‘வில் சூன் பி செக்ட்’. செயல் எப்படி, எவ்வளவு நடந்தது என்று சொல்வது வினையை ஒட்டி வரும்: ‘வில் ஹேவ் கம்ப்ளீட்லி ஃபினிஷ்ட்’, ‘வில் பி கேர்ஃபுல்லி செக்ட்’.

வாக்கியக் கடைசியில் வைப்பது மூன்றாவது வழி. விதத்தைச் சொல்லும் சொற்களுக்கு அது பொருந்தும், ஆனால் பொருள் நகரக்கூடும். ‘ஹீ வில் ஹாப்பிலி ஆன்ஸர்’ என்றால் பதில் சொல்ல அவருக்கு முழுச் சம்மதம். ‘ஹீ வில் ஆன்ஸர் ஹாப்பிலி’ என்றால் சிரித்த முகத்தோடு சொல்வார்.

வில்லையும் வினையையும் பிரிக்கவே கூடாது என்று ஒரு பழைய மூடநம்பிக்கையும் உண்டு. அமெரிக்க அரசியலமைப்பே அதை மதிக்கவில்லை. அதிபர் உறுதிமொழியில் ‘வில் ஃபெயித்ஃபுல்லி எக்ஸிக்யூட்’ என்றுதான் இருக்கிறது. 2009 ஜனவரி 20 அன்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘ஃபெயித்ஃபுல்லி’யைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா ஒரு கணம் தயங்கினார். பொருள் கெடவில்லை. ஆனாலும் எழுத்துக்கு எழுத்து விதிக்கப்பட்ட வாசகம் என்பதால், எதற்கும் இருக்கட்டுமென்று மறுநாள் வெள்ளை மாளிகையில் மறுபடி உறுதிமொழி எடுத்தார்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கச் செய்தி நடையில் ‘ஆல்ஸோ வில்’ தாராளமாக வரும், அதைத் திருத்தாமல் விட்டுவிடலாம். ‘கோயிங் டு’ வந்தால் ‘இஸ் ப்ராபப்ளி கோயிங் டு கம்’ என்பதே எழுத்துக்கு ஏற்றது. ‘இஸ் கோயிங் டு ப்ராபப்ளி கம்’ என்று பேச்சில் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது காதுக்குக் காது மாறும்.