சுங்கை சிப்புட் பட்டறையில் செய்து வாங்கிய லேத் கிரைண்டர் பிடிப்பு

கடினப்படுத்திய எஃகுத் தண்டில் மிஞ்சியிருக்கும் 0.02 மி.மீ. அளவை எடுக்க முனையும்போது, கார்பைடு டூல் வெட்டாமல் மேற்பரப்பை வெறுமனே தேய்த்துக்கொண்டு நகர்வதை வீட்டில் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்போர் நன்கு அறிவர். அவ்வளவு மெல்லிய படலத்தைச் சீராக எடுக்கச் சாணைக்கல்லே தகுந்தது. இதற்கென்றே தயாராகி, லேத்தில் டூலின் இடத்தில் பூட்டப்படும் டூல் போஸ்ட் கிரைண்டரின் விலை பல வேளைகளில் வீட்டு லேத்தின் விலையையே எட்டிவிடுவதால், ஆர்வலர்கள் சிறு கற்களைச் சுழற்றும் கைக்கருவியான டை கிரைண்டரை ஹோஸ் கிளிப்பாலும் மரக்கட்டையாலும் கட்டி வேலையை ஒப்பேற்றுவதுண்டு. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) அருகிலுள்ள ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்துப் பிடிப்பு ஒன்றைச் செய்து வாங்கினேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் டிராக்டர்களுக்கும் செம்பனை எண்ணெய் ஆலைகளின் பம்புத் தண்டுகளுக்கும் வேலை செய்து பழகிய அந்தப் பட்டறை, வீட்டு லேத்துக்கான இச்சிறு உருப்படியையும் அதே கவனத்தோடு செய்து தந்திருக்கிறது.

பிடிப்பு ஒரே வார்ப்பிரும்புக் கட்டையில் குடையப்பட்டது. டை கிரைண்டரின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்தால் அது நெளியும்; நெளிந்தால் கல் அதிரும்; அதிர்வு தண்டின் மேல் வரிவரியாகப் பதியும். ஆகவே பட்டறைக்காரர் கிரைண்டரைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, முன்கழுத்தின் உலோகப் பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கேற்பத் துளையைக் குடைந்து, ஒரு பக்கம் பிளவு விட்டு ஒற்றை போல்ட்டால் இறுக்கும்படி அமைத்திருக்கிறார். துளை கழுத்தோடு முழுவட்டமாகப் பொருந்துவதால், போல்ட்டை மிதமாக முடுக்கினாலே கிரைண்டர் அசையாமல் நிற்கிறது. பொருத்தமற்ற துளையில் வைத்து வலுவாக முடுக்கினால் கழுத்து நெளிந்து, உள்ளிருக்கும் பேரிங் சூடேறிவிடும் என்பதால், இந்தப் பொருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். டூலைத் தாங்கி நகரும் டாப் ஸ்லைடின் மேற்தளத்திலிருந்து லேத்தின் மைய உயரம் எவ்வளவு என்பதையும் அவர் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார். பொருத்திப் பார்த்தபோது கல்லின் மையம் லேத்தின் மையத்தோடு ஒத்திருந்தது. அடியில் தகடு வைக்கத் தேவைப்படவில்லை.

டை கிரைண்டருக்குப் பதிலாக 100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டரைப் பூட்டும் பிடிப்பு கிடைக்குமா என்று நான் முதலில் கேட்டிருந்தேன். "வெட்டுற டிஸ்க்கோட பக்கவாட்டுல அழுத்தக் கூடாது தம்பி, அதை நான் செஞ்சு தரமாட்டேன்" என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு முற்றிலும் சரியானது. மெல்லிய வெட்டு டிஸ்க் தன் விளிம்பால் வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. பக்கவாட்டு அழுத்தத்தில் அது சிதறக்கூடும். டை கிரைண்டரிலும் வேகக் கணக்கைப் பார்க்காமல் கல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. என்னுடையது நிமிடத்துக்கு 25,000 சுற்று சுழலும். அதில் 25 மி.மீ. கல்லின் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர் வேகத்தில் ஓடும், 50 மி.மீ. கல்லைப் பூட்டினால் அது 65 மீட்டரைத் தாண்டிவிடும். சாதாரணச் சுட்ட பீங்கான் பிணைப்புக் கற்கள் பெரும்பாலும் 30 முதல் 35 மீட்டர் வரைக்கே அனுமதிக்கப்பட்டவை. கல்லின் தண்டு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்கு வெளியே நீளும் அளவு கூடக்கூட, அனுமதிக்கப்பட்ட சுற்று இன்னும் குறையும் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

கல்லின் முனை, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் ‘சக்’ பக்கம் நோக்கியிருக்க, கிரைண்டரை நம் பக்கத்தில் பூட்டினால், வேலைப்பொருளைத் தொடும் இடத்தில் கல் கீழ்நோக்கி ஓடுகிறது. லேத்தின் வழக்கமான சுழற்சியில் வேலைப்பொருளின் அப்பக்கமும் கீழ்நோக்கியே வருவதால், இரண்டும் எதிரெதிராக உராய லேத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். என் லேத்தில் சக் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருப்பதால் இதில் சிக்கலில்லை. மரையால் சக்கைப் பூட்டும் பழைய லேத் வைத்திருப்போர், பின்னோக்கி ஓடும்போது சக் கழன்றுவரும் அபாயத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். டாப் ஸ்லைடை லேத்தின் அச்சிலிருந்து 5.74 பாகை சாய்த்து வைத்தால், அதன் அளவுகோலில் 0.1 மி.மீ. நகர்த்தும்போது கல் 0.01 மி.மீ. மட்டுமே உள்ளே செல்லும். இந்தக் கோணத்தின் சைன் மதிப்பு பத்தில் ஒன்று என்பதே காரணம். பிடிப்பு உறுதியாக இருப்பதால் இந்த நுண்ணிய நகர்வு அப்படியே கல்லுக்குப் போய்ச் சேர்கிறது. மரக்கட்டைப் பிடிப்பில் இதை எதிர்பார்க்க முடியாது.

20 மி.மீ. கடினத் தண்டை நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓட்டி, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லால் 0.01 மி.மீ. ஆழமாக எடுத்து, இறுதியில் ஆழம் கூட்டாமல் தீப்பொறி அடங்கும் வரை கல்லை நடத்தியபோது, டூலால் நான் ஒருபோதும் பெறாத மேற்பரப்பு கிடைத்தது. இருப்பினும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். கிரைண்டரின் உடல் கல்லைவிடப் பருமனாக இருப்பதால், நீண்ட தண்டில் கல் நகரும்போது அந்த உடல் தண்டின் மேல் இடிக்கும். பிடிப்பைச் சற்றுத் திருப்பி, உடலை நம் பக்கம் விலக்கி, அந்தச் சாய்விலேயே வைர முனையால் கல்லின் முகத்தை லேத்தின் அச்சுக்கு இணையாகச் சீர்செய்தால் தண்டின் நடுப்பகுதியையும் எட்டலாம். ஆனால் கல்லின் குறுகிய விளிம்பு மட்டுமே வேலை செய்வதால் அது விரைவில் தேய்கிறது.

சக் தாடைகளைச் சீர்செய்ததே இந்தப் பிடிப்பு எனக்குச் செய்த பேருதவி. வாய்ப்பக்கம் தேய்ந்து விரிந்திருந்த தாடைகளை, பொருளைப் பிடிக்கும் திசையிலேயே விசை தாங்கி நிற்கும்படி ஒரு வளையத்தால் முடுக்கி வைத்து, 12 மி.மீ. கல்லால் உட்புறத்தைச் சாணை பிடித்தேன். உட்சுவரில் நம் பக்கத்தைத் தொடும்போது லேத்தின் வழக்கமான சுழற்சியே எதிரெதிர் உராய்வைத் தருவதால் பின்னோக்கி ஓட்டத் தேவையில்லை. பின்னர் டயல் கேஜில் பார்த்தபோது ஆட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதுபோல் டாப் ஸ்லைடை 30 பாகைக்கு வைத்து, ஹெட்ஸ்டாக்கிலேயே (சக் பூட்டும் தலைப்பகுதியிலேயே) பூட்டிய, தண்டின் முனையைத் தாங்கும் கூம்பான சென்டரின் 60 பாகை முனையையும் சீராக்கிக்கொள்ளலாம்.

பட்டறை தராமல் விட்டது பாதுகாப்புக் கவசம். கல்லின் மேல் கவசம் பூட்ட ஒரு மரைத்துளையாவது விட்டிருக்க வேண்டும். ஆர்டர் கொடுப்போர் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முகக்கவசமும் தூசிக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. லேத்தின் ‘பெட்’ எனும் அடித்தளத்தையும் மூடியே ஆக வேண்டும். கல்லிலிருந்து உதிரும் துகள் எண்ணெயோடு கலந்து ஸ்லைடுகளை அரித்துவிடும். காந்தம் வைத்தால் எஃகுத் தூள் ஒட்டும், அலுமினியம் ஆக்சைடு ஒட்டாது என்பதால் காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. துணி சுழலும் சக்கில் சிக்கிக்கொள்ளும் என்பதால், தகட்டுத் தட்டால் பெட்டை மூடி, வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயால் துடைத்துப் புது எண்ணெய் இடுகிறேன். கார் நிறுத்துமிடத்தில் பட்டறை வைத்திருப்போர் கிரைண்டரின் கூரிய ஓசையையும் மனத்தில் கொண்டு, அண்டை வீட்டார் ஓய்வெடுக்காத நேரமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதே பட்டறையில், தனி மோட்டாரால் பெல்ட் மூலம் ஓடும், கல் பூட்டும் ஸ்பிண்டிலும் செய்து தருகிறார்கள். நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடும் மோட்டாரில் 100 மி.மீ. புல்லியும், ஸ்பிண்டிலில் 50 மி.மீ. புல்லியும் வைத்தால், 100 மி.மீ. கல் வினாடிக்கு 30 மீட்டரளவில் ஓடும். ஸ்பிண்டிலின் உடல் கல்லைவிடச் சிறிதாக இருப்பதால் நீண்ட தண்டுகளுக்கு அதுவே உகந்தது. ஆனால் 180 மி.மீ. விட்டம் வரை சுழற்றக்கூடிய லேத்தின் கிராஸ் ஸ்லைடுக்கு (குறுக்கே நகரும் பகுதிக்கு) அந்த எடை அதிகம் என்று அவரே கூறி, விலை கூடியதை என்னிடம் விற்க முயலாமல் விட்டார்.

பிடிப்புக்கு நான் கொடுத்தது 320 ரிங்கிட். அதன் வார்ப்பிரும்புக்கும் நுட்பத்துக்கும் அது நியாயமான விலை. ஆலை வேலைகள் முடிந்த பிறகே இத்தகைய உருப்படிகளை எடுக்கிறார்கள் என்பதால் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். போகும்போது கிரைண்டரையும், டூல் போஸ்டைப் பூட்டும் போல்ட்டின் மரை அளவையும், டாப் ஸ்லைடிலிருந்து மைய உயரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.